அருகம்புல்லுக்கு உரம் தூவும் வண்டி

திருமாறன் பல்பு வாங்கப் போயிருக்கிறான். போகும்போது, "நீங்களே பாத்து எடுங்கப்பா, உங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டுப் போனான். உங்களுக்குத் தெரியாததா. இதைச் சும்மா சொன்னானா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னானா, பார்த்திருந்தால் எவ்வளவு நேரம் பார்த்தான், சாதாரணமாக ஒரு மகன் அப்பாவைப் பார்க்கும் நேரம்தானா, ஒரு நொடி கூடுதலா, என்றெல்லாம் யோசித்துக்கொண்டு இந்த ஆறு வண்டிகளுக்கு முன்னால் நிற்கிறேன். கடை என்று சொன்னால் நம்ப முடியாது, நெல் கொள்முதல் நிலையம் நாலைச் சேர்த்து வைத்த மாதிரி ஒரு கொட்டகை. டல்லாஸில் எல்லாமே இப்படித்தான், தேவைக்கு நாலு மடங்கு பெரிசாகக் கட்டிவிட்டு அதில் மனுஷனைத் தேட வேண்டியிருக்கிறது. பதினொரு மணிக்கே வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, உள்ளே குளிர்கிறது. ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைதான், காலையில் பேப்பரில், பேப்பர் இல்லை, போனில் பார்த்தேன். ஆறு வண்டி. நாலுக்குச் சக்கரம் உண்டு, மற்ற இரண்டும் கையில் பிடித்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்றுகிற வகை. கலியபெருமாள், வேளாண்மை உதவி இயக்குநர், ஓய்வு, முப்பத்திரண்டு வருஷம் தஞ்சாவூர் ஜில்லா விவசாயிகளுக்கு எந்த உரம், எவ்வளவு, எப்போது என்று சொல்லிக்கொண்டிருந்தவன், ஒரு வீட்டுப் புல்தரைக்கு உரம் தூவும் வண்டியில் எது நல்லது என்று தெரியாமல் கால் மணி நேரமாக நிற்கிறான். இதில் வேடிக்கை, அந்தப் புல் வேறொன்றும் இல்லை, நம் அருகம்புல். வந்த முதல் வாரமே குனிந்து ஒரு கணுவைப் பிடுங்கிப் பார்த்துச் சொன்னேன், மருமகள் சுபத்ரா நம்பவில்லை, இதற்கு பெர்முடா என்று பெயர் என்றாள். என்ன பெயர் வைத்தால் என்ன. வரப்பிலிருந்து வயலுக்குள் இறங்காமல் இதை எப்படிக் கொல்வது என்று நான் எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறேன். இங்கே இதற்குத் தழைச்சத்து, இதற்குத் தண்ணீர், இதற்குத் தனியாக ஒரு வண்டி.

வண்டிக்கு வருவோம். இரண்டு ஜாதி இருக்கிறது. ஒன்று, தொட்டிக்கு அடியில் வரிசையாக ஓட்டை, தள்ளிக்கொண்டு போகப் போக இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் நேராகக் கீழே கொட்டும். கொட்டுவது கணக்காகக் கொட்டும், ஆனால் ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் நடுவில் நாலு விரல் விட்டுப்போனால் அங்கே புல் வெளுத்துக் கோடு கோடாக நிற்கும், நாலு விரல் ஏறிப்போனால் கருகும். இன்னொன்றில் தொட்டிக்குக் கீழே ஒரு தட்டு, சக்கரம் உருள உருளத் தட்டு சுழன்று உரத்தை இரண்டு பக்கமும் வீசும். கை வீசுகிற மாதிரி. அதுதான் எனக்குப் புரிகிறது. ஓரத்தில் போகப்போகத் தானே மெலிந்துவிடும், அடுத்த நடை அதன்மேல் ஏறினாலும் பாதகமில்லை. இது நல்லது. இதையே எடுக்கலாம். எடுத்துக்கொண்டு போய், இனிமேல் கையால் போட மாட்டேன், அன்றைக்குக் கையால் போட்டதால்தான் அப்படி ஆகிவிட்டது என்று இன்னொரு தடவை சொல்லலாம். சொன்னால் நம்புவார்கள். ஏற்கெனவே நம்பியிருக்கிறார்கள். மூன்று வாரம் இருக்கும், ஒரு வியாழக்கிழமை, திருமாறன் ஆபீஸிலும் சுபத்ரா தன் அறையில் மீட்டிங்கிலும் இருக்கும்போது துணி துவைக்கிற அறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பேசினை எடுத்து, துண்டால் இடுப்போடு கட்டிக்கொண்டு, வயலில் மேலுரம் போடுகிற மாதிரி வலக்கையால் வீசிக்கொண்டே நடந்தேன். வயலில் தண்ணீர் நிற்கும், விழுந்த உரம் கரைந்துவிடும். இங்கே காய்ந்த தரை. இதுகூடத் தெரியாதா ஒரு உதவி இயக்குநருக்கு. தெரியும். தெரிந்துதான் பிறகு குழாயைத் திறந்துவிட்டேன். திங்கட்கிழமை பார்த்தால் முன்பக்கம் முழுக்கப் பழுப்பு. அடுத்த வாரம் குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது, உங்கள் புல்தரை தெருவின் தோற்றத்துக்குப் பொருந்தவில்லை, முப்பது நாளுக்குள் சரிசெய்யவும் என்று. திருமாறன் அதைப் படித்துவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். கைவீச்சு சமமாக விழவில்லை மாறா, வயசாயிடுச்சு, தோள்பட்டை பழைய மாதிரி இல்லை என்றேன். தோள்பட்டை. வாய் கூசாமல் சொன்னேன்.

ஏனென்றால் கைவீச்சில் தப்பு நடந்தால் திட்டுத் திட்டாகக் கருகும், இங்கே ஒன்று, அங்கே ஒன்று. முழுக்கக் கருகாது. முழுக்கச் சமமாகக் கருகியிருக்கிறது. என் கைவீச்சில் ஒரு குறையும் இல்லை. உரம் போட்ட வாரச் சனிக்கிழமை கராஜில் விளக்குமாறு தேடும்போது அலமாரிக்குப் பின்னால் காலி மூட்டைகளைப் பார்த்தேன். இரண்டு. திருமாறன் வாங்கி வைத்ததே இரண்டு மூட்டைதான், ஒன்று இப்போதைக்கு, ஒன்று குளிர் வருவதற்கு முன்னால். ஒரு மூட்டை முன்பக்கத்துக்குச் சரியாக இருக்கும். நான் போட்டது முன்பக்கம் மட்டும். நான் பிரித்தது ஒரு மூட்டை. மத்தியானம் சாப்பிட்டு எழுந்து, வெயில் கொஞ்சம் சாயட்டும் என்று இருந்து, பிறகு பிரித்தேன். கத்தரிக்கோல் கிடைக்காமல் சமையல் கத்தியால் தைத்த நூலை அறுத்தது, நூல் ஒரே இழுப்பில் வந்தது, எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அந்த இன்னொரு மூட்டையை யார் பிரித்தது. காலையில் என்ன செய்தேன். காபி குடித்தேன். பேத்திக்கு, பாப்பாவுக்கு, ஷூ மாட்டிவிட்டேன். அதற்குப் பிறகு சாப்பாடு. நடுவில் ஒன்றுமே இல்லை. தூங்கினேன் என்றால் தூங்கி எழுந்தது ஞாபகம் இருக்குமே. ஒன்று மட்டும் இருக்கிறது. சாப்பிட உட்காருவதற்கு முன்னால் கை கழுவினேன், கழுவின பிறகும் கையில் உரக் குடோன் வாசனை அடித்தது, இது ஏன் இங்கே வருகிறது என்று முகர்ந்து பார்த்து, அமெரிக்கச் சோப்பு என்று நினைத்துக்கொண்டேன். அமெரிக்கச் சோப்பு. அதற்குப் பிறகுதான் போய் உரம் போட்டேன். ஆக, அதற்கு முன்னாலேயே போட்டிருக்கிறேன். துண்டைக் கட்டி, பேசினை ஏந்தி, ஒரு மூட்டையையும் காலிசெய்து, மூட்டையை ஒழுங்காக மடித்து வைத்து, பேசினைக் கழுவி, அதே இடத்தில் வைத்துவிட்டு வந்து சோற்றுக்கு உட்கார்ந்திருக்கிறேன், அது நான்தான், ஆனால் நான் அங்கே இல்லை. இரண்டு மூட்டையையும் குப்பைத் தொட்டியில் அடியில் போட்டு மேலே அட்டைப்பெட்டியை வைத்து அமுக்கினேன். திருடன் மாதிரி செய்தேன். அவமானமாக இருந்தது. இன்னமும் இருக்கிறது.

மறதி யாருக்கு இல்லை. என் மனைவி தையல்நாயகி இருந்தவரை எனக்கு மறதி இருந்ததா இல்லையா என்றே தெரியாது, எனக்கும் சேர்த்து அவளே ஞாபகம் வைத்திருந்தாள். கண்ணாடி எங்கே, தையல். சட்டைப்பையில. மாத்திரை போட்டேனா. போட்டாச்சு. அவள் போய் மூன்று வருஷம். மூன்று வருஷமாக மாத்திரையை நான் ஒரு தடவை போட்டேனா, இரண்டு தடவை போட்டேனா, யார் கண்டது. ஆனால் மூளை நன்றாகத்தான் இருக்கிறது. ஆடுதுறை 36 நெல், நூற்றிப் பத்து நாள். ஆடுதுறை 39, நூற்றி இருபத்தைந்து. பொன்மணி, அதாவது சி.ஆர். 1009, நூற்றி ஐம்பத்தைந்து, சம்பாவுக்கு. யூரியா ஐந்து பங்கு, ஜிப்சம் நாலு பங்கு, வேப்பம் புண்ணாக்கு ஒரு பங்கு, கலந்து ராத்திரி முழுக்க வைத்துவிட்டுக் காலையில் போட வேண்டும். பார், தடுக்கவே இல்லை. பாப்பாவின் டீச்சர் பெயர் என்ன. நேற்றுக்கூடச் சொன்னாள். மிஸ். மிஸ் என்று ஆரம்பிக்கும். எல்லாமே மிஸ் என்றுதான் ஆரம்பிக்கும். அந்த அம்மாள் சிவப்பு முடி, பள்ளிக்கூட விழாவில் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள், மோதிரம் குத்தியது. மோதிரம் குத்தியது ஞாபகம் இருக்கிறது, பெயர் இல்லை. விடு. இப்போது எதற்கு அது. வண்டியைப் பார்.

பச்சை ஏப்ரன் கட்டிய ஒரு பெண் வந்து உதவி வேண்டுமா என்கிறாள். ஐம்பது வயதிருக்கும், கை காய்த்திருக்கிறது, உட்கார்ந்து வேலை பார்த்தவள் இல்லை. நான் என் இங்கிலீஷை நிமிர்த்திக்கொண்டு கேட்கிறேன், பல்சக்கரம் இரும்பா, பிளாஸ்டிக்கா, டயரில் காற்று உண்டா, உரம் பட்டால் சட்டம் துருப்பிடிக்குமா, வாசல் சிமெண்டில் சிதறாமல் ஒரு பக்கத்தை மட்டும் மூடும் தடுப்பு இருக்கிறதா. அவள் முகத்தில் மரியாதை வருகிறது. வரட்டும், எனக்கு அது கொஞ்சம் தேவையாகத்தான் இருக்கிறது. ஓரத்து வண்டியைக் காட்டுகிறாள், துருப்பிடிக்காத சட்டம், காற்று டயர், தொட்டிக்கு மூடி. ஒன்று மட்டும் மறந்துவிடாதே என்கிறாள், இந்த நெம்புகோல், நடக்க ஆரம்பித்த பிறகு திற, நிற்பதற்கு முன்னால் மூடு, திறந்தபடி நின்றுவிட்டால் ஒரே இடத்தில் குவியலாகக் கொட்டிப் புல் செத்துவிடும். மறந்துவிடாதே. எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். அளவைப் பாதியாக வைத்துக்கொண்டு தெற்கு வடக்காக ஒரு நடை, கிழக்கு மேற்காக ஒரு நடை போடுவதுதானே நல்லது என்று கேட்டேன். அதேதான், நீ தொழில் தெரிந்தவன் என்றாள். உடனே எனக்கு ஒரு சபலம். அன்றைக்கும் நான் அப்படித்தான் செய்திருப்பேன், காலையில் பாதி, மத்தியானம் பாதி, முறைப்படி. இரண்டு மூட்டை முழுக்கக் காலியானதை என்ன செய்வது. நூலை அறுத்தபோது இதுதான் முதல் தடவை என்று நான் நினைத்ததை என்ன செய்வது. நான் எப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டேன், நேற்று ஏற்கெனவே போட்டாயிற்று என்று சொல்கிற வண்டி ஏதாவது இருக்கிறதா என்று. அவளும் சிரித்தாள். அப்படி ஒன்று வந்தால் என் புருஷனுக்கு முதலில் வாங்குவேன் என்றாள். யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டாள். அவள் புருஷனுக்கு என்ன வயது, அவனுக்கும் இப்படித்தானா, இல்லை வெறும் தமாஷா என்று கேட்டிருக்கலாம். எப்படிக் கேட்பது. கேட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

புல்லைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. அருகு சாகாது, அடிக்கிழங்கு உயிரோடு இருக்கும், நாலு நாள் நன்றாகத் தண்ணீர் விட்டால் உர உப்பு மண்ணுக்குள் இறங்கித் தளிர் வந்துவிடும், குடியிருப்புச் சங்கம் பிழைத்துப் போகட்டும். எனக்கு இருப்பது மூன்று பத்து. மூன்று பத்துக்குப் பள்ளிக்கூடப் பஸ் தெருக்கோடியில் வந்து நிற்கும். சுபத்ரா வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறாள் என்றாலும் மூன்று மணிக்கு அவளுக்குத் தினமும் மீட்டிங், எழுந்திருக்க முடியாது, அதனால் நான் வந்ததிலிருந்து பாப்பா மகிழினியைக் கூட்டிவருவது என் வேலை. ஏழு வயது. மற்ற பிள்ளைகள் ஓடிவிடும், இவள் படியில் நின்று நான் இருக்கிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்குவாள். பையை என்னிடம் தந்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொள்வாள், கை பிசுபிசுவென்று இருக்கும், என்ன தின்றாள் என்று நான் கண்டுபிடிக்க வேண்டும், அது எங்களுக்குள் ஒரு விளையாட்டு. இந்த நாட்டில் எனக்கு இருக்கும் ஒரே உத்தியோகம் இதுதான். மீதி இருபத்துமூன்றே முக்கால் மணி நேரமும் நான் ஒரு நாற்காலி. இதை வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் காலையில் எழுந்திருக்கிறேன். அந்த வியாழக்கிழமை கூட்டிவந்தேன், அது நிச்சயம், அன்றைக்கு மாம்பழ மிட்டாய். ஆனால் போட்டதைப் போடவில்லை என்று நினைத்த மண்டை, கூட்டிவராததைக் கூட்டிவந்துவிட்டதாக நினைக்க எவ்வளவு நேரமாகும். ஒரு நாள் நான் சோபாவில் உட்கார்ந்திருப்பேன், நிம்மதியாக, பாப்பா மாடியில் விளையாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு. மாடியில் யாரும் இருக்கமாட்டார்கள். பஸ் போயிருக்கும். கோடியில் ஆறு வரிசை ரோடு, எழுபது மைலில் போகிறார்கள் படுபாவிகள். இவள் படியில் நின்று பார்த்திருப்பாள், தாத்தா வருவார் என்று இறங்கியிருப்பாள், வெயிலில் நின்றிருப்பாள், பிறகு, பிறகு, போதும், இதற்கு மேல் நினைக்கக் கூடாது, தினமும் இந்த இடத்தில்தான் நிறுத்துகிறேன், தினமும் ராட்டினம் மாதிரி இதே இடத்துக்கு வந்து நிற்கிறேன்.

கடியாரத்தில் அலாரம் வைத்திருக்கிறேன், இரண்டு ஐம்பதுக்கு. அலாரத்தை நிறுத்திவிட்டு மறந்தால். மூன்று மணிக்கு இன்னொன்று வைத்தேன். அது வாசலில் நடக்கும்போது அடிக்கிறது, நிறுத்துகிறேன். நெம்புகோலைத் திறப்பதும் மூடுவதும் மனுஷன்தானே. இந்த வண்டியை வாங்கினால் பொய் நிலைத்துவிடும். கைவீச்சுதான் காரணம், கைக்குப் பதில் வண்டி வந்தாயிற்று, கதை முடிந்தது, யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், மூன்று பத்து என்னிடமே இருக்கும். வாங்காமல் உண்மையைச் சொன்னால் திருமாறன் டாக்டர் என்பான், சுபத்ரா ஒன்றும் சொல்லமாட்டாள், ஆனால் சாயங்காலத்துக்குள் பஸ்ஸுக்கு வேறு ஆள் வந்துவிடும். கோயம்புத்தூரில் வயதானவர்களுக்கு நல்ல இடங்கள் இருக்கின்றன, நர்ஸ் உண்டு, வாசலில் பூட்டு உண்டு என்று யாரோ இவனிடம் சொல்லியிருக்கிறார்கள், நான் காதில் வாங்காத மாதிரி இருந்தேன். நான் செத்துப்போவதைப் பற்றி நிறைய யோசித்து வைத்திருந்தேன், அதற்குத் தயாராக இருந்தேன். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக, எந்த நாள் காலை எடுத்துக்கொள்ளப்பட்டது என்றுகூடத் தெரியாமல் போவதற்கு நான் தயாராக இல்லை. பயமாக இருக்கிறது. இத்தனை பெரிய கடையில், வெள்ளை விளக்குக்கு அடியில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நான் பயந்துபோய் நிற்கிறேன், பார்க்கிறவர்களுக்குக் கிழவர் வண்டி பார்க்கிறார்.

திருமாறன் வருகிறான். கையில் நாலு பல்பு, ஒரு சுருள் பசை டேப். தூரத்திலிருந்தே சிரிக்கிறான், இவன் நடை என் அப்பா நடை. எடுத்தாச்சா என்று புருவத்தால் கேட்கிறான். ஓரத்து வண்டியில் கை வைத்தேன். சட்டம் துருப்பிடிக்காது, டயரில் காற்று, ஒரு பக்கம் மூடிக்கொள்ளலாம், வீட்டுக்கு இதுதான் ஏற்றது என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது, கூட்டத்தில் பேசுகிற குரல். அத்தோடு நிறுத்தியிருந்தால் போதும், நிறுத்தியிருக்கலாம். இவன் குனிந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான், பிடரியில் நரை. இவனுக்கு நரைத்துவிட்டதா. இவனை நான் ஒரு தடவைகூடப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்ததில்லை, எப்போதும் கேம்ப், எப்போதும் எவன் வயலிலாவது நின்றிருந்தேன். இவன் பெண்ணை வைத்து நான் விளையாடக் கூடாது.

"மாறா, பாப்பாவ இனிமே நான் கூப்பிடப் போகல" என்றேன். "வேற ஏற்பாடு பண்ணிக்க."

அவன் நிமிர்ந்தான்.

"அன்னைக்கு உரம் ரெண்டு தடவ போட்டிருக்கேன். கைவீச்செல்லாம் இல்ல. காலைல போட்டது எனக்கு ஞாபகமே இல்லடா. சுத்தமா இல்ல."

பல்புகளை மெதுவாக வண்டித் தொட்டிக்குள் வைத்தான், ஒன்றன்பின் ஒன்றாக, உடையாமல். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தெரியும்ப்பா" என்றான். "ரெண்டு வாரமா சுபத்ரா உங்க பின்னாலயேதான் வந்துக்கிட்டிருக்கா. நீங்க கிளம்பினதும் கார எடுத்துடுவா. முனையில நிறுத்திக்கிட்டு, நீங்க பாப்பாவக் கூட்டிக்கிட்டுத் திரும்புற வரைக்கும் பாத்துட்டு, சுத்திக்கிட்டு வந்து உக்காந்துடுவா. மீட்டிங்க மாத்தி வச்சிட்டா."

எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. இரண்டு வாரம். பள்ளிக்கூட நாள் பத்து. பத்து நாளும் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்திருக்கிறேன், இன்றைக்கும் தவறவில்லை, இன்றைக்கும் தவறவில்லை என்று எண்ணிக்கொண்டு, அந்தக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு. வீட்டுக்கு வந்தால் சுபத்ரா மேசையில் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், நிமிர்ந்து சிரிப்பாள், இருவரையும் சேர்த்துத்தான் அவள் வீட்டுக்குக் கூட்டிவந்திருக்கிறாள். ஒரு நாள்கூட நான் திரும்பிப் பார்த்ததில்லை. ஒன்று கேட்க வேண்டும் போலிருந்தது. பத்து நாளில் ஏதாவது ஒரு நாள் நான் கிளம்பாமலே இருந்தேனா, அன்றைக்கு அவள் போய் அழைத்துவந்தாளா. எனக்குப் பத்து நாளும் ஞாபகம் இருக்கிறது. அந்த வியாழக்கிழமையும் அப்படித்தானே ஞாபகம் இருந்தது. கேட்டால் இவன் பொய் சொல்லமாட்டான், அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

"இதையே எடுத்துடலாமாப்பா?" என்றான். எனக்காகத்தான் கேட்கிறான், எது என்று நானே முடிவு செய்ய வேண்டும் என்று.

ஆமாம், இதுதான் நல்லது என்றேன். நெம்புகோலைக் காட்டினேன், நடக்க ஆரம்பித்த பிறகு திறக்க வேண்டும், நிற்பதற்கு முன்னால் மூட வேண்டும் என்று சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். கைப்பிடி என் இடுப்புக்குச் சரியாக இருந்தது, இவன் என்னைவிட நாலு விரற்கடை உயரம். அடியில் இருந்த திருகைத் தளர்த்தி, கம்பியை மேலே இழுத்து, மறுபடியும் முடுக்கினேன்.

"உன் உயரத்துக்கு இருக்கான்னு தள்ளிப் பாரு" என்றேன்.

நாலடி தள்ளிப் பார்த்தான். சரியாக இருந்தது.